அரக்கு, மயில்கழுத்து, வெள்ளை

அந்தக் கேமரா திரும்பி வந்துவிட்டது. கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தபோது, அதே மாடலில் வேறொன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்துத் திருப்பினால், திரையின் வலது ஓரத்தில் உன் வளையல் உரசிக் கறுப்பு உதிர்ந்த கோடு. நகத்தின் நீளத்துக்கு, மெல்லிசாக. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வந்த காரணத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். போன வருஷம் நான் எழுதிய மதிப்பீட்டை நம்பாமல் ஒரு வாசகர் இதே கேமராவை வாங்கியிருக்கிறார். வாங்கி, தன் மகள் கல்யாணத்தில் படமெடுத்து, பத்திரிகைக்கு நீளமாக ஒரு கடிதமும் போட்டிருக்கிறார். முகங்களில் மஞ்சள் ஏற்றுகிறது என்று எழுதியவர் எந்தக் கேமராவைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று கேட்டிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினைந்து வருஷமாகக் கேமராக்களைச் சோதித்து எழுதுகிறவள் நான். சண்டை வேண்டாம், இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று ஆசிரியர் அதே பெட்டியை அனுப்பிவிட்டார். அந்த ஆளின் வாயை அடைத்துவிட வேண்டும் என்றுதான் பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

உன் மூன்று துணிகளும் டிராயரில் இருந்தன. நீ வேலை பார்த்த தி.நகர் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெட்டுத் துண்டுகள். அரக்கு, மயில்கழுத்து, வெள்ளை. மடித்த மடிப்பு கலையவில்லை. பட்டுப் பிரிவில் இருபது வருஷம் மடித்த கையல்லவா.

இந்தத் துணிகள் வந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். நான் எழுத ஆரம்பித்த புதிதில், ஏதோ ஒரு கேமராவில் எடுத்த சேலைப் படத்தை அச்சில் பார்த்துவிட்டு, மந்தைவெளியில் என் வீட்டுப் படியேறி வந்து பத்திரிகையை மடியில் போட்டாய். "அரக்குன்னு எழுதி வச்சிக்கிற. இது தக்காளிடி" என்றாய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்து எழுதியவள், என் தொழிலில் தப்புக் கண்டுபிடித்தது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நீ சொன்னது சரி. அன்றிலிருந்து எந்தக் கேமரா வந்தாலும், உன் லீவு நாளான செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி பக்கத்துச் சுவரில் சாய்ந்து, மூன்று துணிகளையும் மார்போடு பிடித்துக்கொண்டு நீ நிற்பாய். நான் எடுப்பேன். பிறகு படத்தையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீ தீர்ப்புச் சொல்வாய். என் பெயரில் வந்த மதிப்பெண்ணில் பாதி உன்னுடையது. அதை எங்கேயும் நான் எழுதியதில்லை.

உன் கடையில் விளக்குகள் எல்லாம் மஞ்சள். ஜரிகை மின்ன வேண்டும் என்பதற்காகப் போட்டவை. அதனால் நீ எந்தப் புடவையையும் உள்ளே வைத்து முடிவு பண்ண விடமாட்டாய். வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு கடை வாசலுக்கே போய்விடுவாய். "வாசல்ல வெச்சி பாரும்மா, அதான் நெஜக் கலரு" என்பாய். உஸ்மான் ரோட்டு வெயிலில் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நீ நிற்பதை எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் ஆனி மாதக் கடைசிச் செவ்வாய். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் உனக்கு லீவே கிடையாது, இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நீதான் வந்தாய். இந்தக் கேமராவைப் பார்த்ததும் உனக்கு ஒரே ஆச்சரியம். சோப்புக் கட்டி அளவு இருக்கிறது, இதற்கா இவ்வளவு விலை என்று கேட்டாய். உலோக உடம்பு, நல்ல லென்ஸ், பெரிய கேமராவின் மூளையைச் சின்னதில் அடைத்திருக்கிறார்கள் என்று நான் பிரசங்கம் பண்ணினேன். நீ கேட்டுக்கொண்டே திரையைத் தொட்டாய். தொட்ட இடத்தில் ஃபோகஸ் ஆகிப் படமும் விழுந்தது. தொட்டியின் மூடி. நீ சின்னப் பெண் மாதிரி சிரித்தாய். அப்புறம் துளசிச் செடி, கொடியில் காயும் என் நைட்டி, என் மூக்கு என்று தொட்டுத் தொட்டு எடுத்துத் தள்ளினாய். அப்போதுதான் வளையல் உரசியது. கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கேமராடி என்று கத்தினேன்.

நீ இளைத்திருந்தாய். அழகாகிவிட்டாய் என்று சொன்னேன். முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாய். புதுப் பட்டுக் கட்டைப் பிரித்தால் இப்படித்தான் அரிக்கிறது என்று நீ சொன்னாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

எடுத்த படத்தை உன் முன்னாலேயே திரையில் பெரிதாக்கினேன். இரண்டு விரல்களால் விரிக்க விரிக்க உன் முகம், பிறகு கண், பிறகு இமை. ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த அளவு கேமராவில் இப்படி ஒரு துல்லியத்தை நான் பார்த்ததில்லை. சபாஷ் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு முழு முகத்துக்கு வந்தபோது உதட்டைப் பிதுக்கினேன். மஞ்சளாக இருந்தது. மாலை வெயில் என்று சொல்ல முடியாது, அன்றைக்கு மேகமூட்டம். நீ படத்தையும் துணிகளையும் மாறி மாறிப் பார்த்தாய். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாய்.

"வெள்ளத் துணி வெள்ளையாத்தானே கீது?" என்று கேட்டாய்.

இந்த மாதிரிக் கேமரா முகத்தை மட்டும் தனியாகக் கண்டுபிடித்து மெருகேற்றும், துணி சரியாக இருந்தாலும் தோலின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்று நான் விளக்கினேன். உனக்குப் புரியாது என்கிற தோரணையில்தான் விளக்கினேன்.

"அப்போ மூஞ்சிதான் மஞ்சளா?" என்றாய்.

"குளிக்கிறப்ப மஞ்ச கொஞ்சம் கொறச்சலா பூசுடி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். காபி குடித்தோம். நீ கிளம்பிப் போனாய்.

'அரக்கும் வெள்ளையும் அப்படியே வருகின்றன. ஆனால் முகங்களில் தேவையில்லாத மஞ்சளை ஏற்றுகிறது. இந்த விலைக்கு இது மன்னிக்க முடியாத குறை.' இதுதான் நான் எழுதியது. மன்னிக்க முடியாத என்கிற சொல்லைப் போட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி முழுக்க நீ கடையின் மஞ்சள் விளக்கடியில் நின்றாய். விடிந்து போய், இருட்டி வந்தாய். ஆடி முடியும்போது பக்கத்து வீட்டு அக்காதான் உன் கண்ணைப் பார்த்துக் காமாலை என்றார்களாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்தாய். ஆவணி பிறந்ததும் வயிற்றுவலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆட்டோவைத் தெருவிலேயே விட்டுவிட்டு உன் வீட்டுக்காரர் கட்டிலோரம் நின்றார். பித்தக்குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். கண் எப்போதிலிருந்து மஞ்சள் என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு, இரண்டு வாரமாக என்றேன். அதை டாக்டர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசியில் நீ இல்லை.

இப்போது மறுபடி ஆடி. போன செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குக் கேமராவோடு மாடிக்குப் போனேன். துணிகளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அதே சுவர், அதே மேகமூட்டம், அதே அமைப்புகள். அரக்கு அரக்காக வந்தது. மயில்கழுத்து மயில்கழுத்தாக வந்தது. அந்த அம்மாவின் முகம் அந்த அம்மாவின் முகமாகவே வந்தது. மஞ்சள் இல்லை. என்னை நானே எடுத்தேன். இல்லை. இறங்கிப் போய் மாட வீதியில் கீரை விற்கிறவரை, பூக்கட்டும் பெண்ணை, டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரரை, கேட்டுக் கேட்டு எடுத்தேன். ஒருவர் முகத்திலும் இல்லை. வாசகர் ஜெயித்துவிட்டாரே என்கிற எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன். அதுவரைக்கும் அவ்வளவுதான் எனக்கு உறைத்தது.

கம்ப்யூட்டரில் உன் பழைய படத்தைத் திறந்து, புதிய படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் வெள்ளைத் துணி ஒரே வெள்ளை. உன் கண்ணைப் பெரிதாக்கினேன். அன்றைக்கு இமையைப் பார்த்தேனே, அதே கண். இமைக்குள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை.

எழுந்து நின்றேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஐந்து வாரம் முன்பே அது உன் முகத்தில் இருந்திருக்கிறது. இந்தக் கேமரா அதைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. நான் அதைக் கேமராவின் குறை என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்து, ஊரெல்லாம் படிக்க அச்சடித்திருக்கிறேன். நீ கேட்டாய். சரியான கேள்வியைத்தான் கேட்டாய். உன் கண்ணுக்குத் தெரிந்ததை என் படிப்பால் மூடிவிட்டேன்.

மறுநாள் காலை உன் வீட்டுக்காரர் வந்தார். புரட்டாசியில் வருஷம் வருகிறது, மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று முந்தின வாரமே போனில் கேட்டிருந்தார். வீட்டில் இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அதில் நீ யாரையோ திட்டப் போகிற மாதிரி இருப்பாய். என் கம்ப்யூட்டரில் திறந்தபடியே இருந்த மாடிப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்மா வேணும். சிரிச்சிக்கினு கீறா பாரு" என்றார். கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, அந்த மஞ்சளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

மவுசைப் பிடித்து மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். உன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. போன வருஷப் பொங்கலுக்கு இருந்த முகம் வந்தது. அவர் போதும் போதும் என்றார். அப்போது உன் கையிலிருந்த வெள்ளைத் துணி நீலமாகிவிட்டிருந்தது. நீலம் அதிகமாய்ப் போட்டுத் துவைத்த வேட்டி மாதிரி. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அழுதுவிட்டேன். பிறகு சொன்னேன். மஞ்சள் கேமராவில் இல்லை என்று, அன்றைக்கே உனக்கு வந்திருந்தது என்று, நீ கேட்டும் நான் சிரித்துவிட்டேன் என்று, டாக்டரிடம் தப்பாகச் சொன்னது நான்தான் என்று. எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தெனம் காத்தால நான்தான்மா மொதல்ல அவ மூஞ்சில முழிப்பேன். எனக்கே தெர்லயே" என்றார். பிறகு துணியைப் பழையபடி வெள்ளையாக்கிக் கொடுக்கச் சொன்னார். துணி வெள்ளையானால் நீ மஞ்சளாகிவிடுவாய் என்றேன். தெரியும் என்று தலையசைத்தார். நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு உன்னால் நிற்க முடியாதாம், உனக்குக் கலர் தப்பானால் பொறுக்காதாம். படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு திருத்தத்தை எழுதினேன். 'இந்தக் கேமரா முகத்தின் நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுகிறது. சென்ற ஆண்டு எழுதியது என் பிழை.' காரணத்தையும் எழுதலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன். எப்படிப் பிழை வந்தது என்று அவர் பதிலுக்குக் கேட்டார். சோதனையில் என்னோடு இன்னொருத்தர் இருந்தார், அவர் சரியாகத்தான் பார்த்தார் என்றேன். பதினைந்து வருஷத்தில் உன்னைப் பற்றி நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

கேமராவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வெள்ளைத் துணி மட்டும் என் கைப்பையில் இருக்கிறது. நேற்று ராயபுரத்திலிருந்து என் தங்கை வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியவளை உள்ளே விடாமல், கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், துணியை அவள் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நில்லு என்றேன். ஊரிலிருக்கும் புடவையையெல்லாம் நீ வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாய். மாடி வெளிச்சத்தில் நிறுத்தி, உன்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான் ஒருத்திதான். கூட்டிக்கொண்டு போய், கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.