மேனேஜர் எங்கும் போகவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நான் சலவை வேலை பார்க்கும் பெரிய கால்பந்து கிளப், தோற்றுத் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. பயப்படாதீர்கள், என் வேலை போகவில்லை. பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். டீமுக்குப் பயிற்சி கொடுத்து நடத்தும் மேனேஜரையும் வேறொரு பெரிய கிளப் கூப்பிட்டது. அவரும் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

நேற்று அவரே சலவை அறைக்கு வந்தார். நான் பதறி எழுந்தேன். ஈரச் சட்டைகளுக்கு நடுவே நின்று, "நான் இங்கயேதான் இருக்கப் போறேன். நீங்களும் இருப்பீங்களா?" என்று கேட்டார்.

"உங்களை அங்க கூப்பிட்டாங்களே, சார்?"

"கூப்பிட்டாங்க. ஆனா டீம் இறங்கினது என் கையிலதானே? ஏத்திவிடாம எப்படிப் போறது?"

அப்பா, அவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் வந்து கேட்கிறார்! இருப்பேன் என்று தலையை ஆட்டினேன். அவர் போன பிறகும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

டீம் மறுபடி மேலே ஏறும்வரை லீவு கேட்க மனமில்லை, அதனால் இந்த வருடம் ஊருக்கு வர முடியாது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த முறை பேசும்போது போனைக் கொஞ்ச நேரம் சமையலறையில் வைத்துவிடுங்கள். அவள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் போதும்.

இயந்திரம் நின்றுவிட்டது, துணியை எடுக்க ஓடுகிறேன்.

உங்கள் மகன்