வெந்நீர் வாளியும் ஐந்தாவது வாசகியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தனியாகக் கேட்டால் மட்டும் வேறு பதில் சொல்லும். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் அதே கடிதத்தில் ஆராய்ச்சி வேலையை வருஷக் கடைசியில் விடப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய், இதில் எதை நான் நம்புவது? உன் கட்டுரையை மொத்தமே நாலு பேர்தான் படித்தார்கள், அதிலும் இரண்டு பேர் பக்கத்து மேஜைக்காரர்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தாய். ஐந்தாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவள் படித்துவிட்டு என்ன செய்தாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

போன விடுமுறையில் சாப்பாட்டு மேஜையில், என் கம்பவுண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழாமல் தங்கினால் கையை விட்டு இழுக்கக் கூடாது, அது தானாக விழும், பத்து நாள் காய்ச்சல் பார்த்து, வந்தால் மருந்து போட்டால் போதும் என்று நீ சொன்னாய். இருபத்தெட்டு வருஷமாகத் தோள் வரை கையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கும் மாட்டு டாக்டர் நான். கம்ப்யூட்டரில் மாடு கன்று போடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். நீ வைத்துவிட்டுப் போன கட்டுரை பருப்பு டப்பாக்களுக்கு அடியில் கிடந்தது, உன் கடிதம் வந்த அன்றுதான் எடுத்தேன். அட்டவணைகள் எனக்குப் பிடிபடவில்லை. உன் அப்பா முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தது அன்றைக்குத்தான் எனக்கு உபயோகப்பட்டது. இழுத்து எடுத்த மாடுகளுக்குக் காய்ச்சல் அதிகம், அடுத்த சினை பிடிக்கவும் நாளாகிறது என்று பொறுமையாக விளக்கினார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். நான் பாத்திரம் கழுவப் போனேன். எத்தனை மாடுகள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நீ சொன்னது சரி, நான் செய்துகொண்டிருந்தது தப்பு. இந்த ஒரு வரியை எழுத இரண்டு நாள் பிடித்தது.

சரி எது என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது. நீ 'அவசரம்' என்று பெயர் வைத்தாயே அந்தப் பண்ணைக்காரர், அவருடைய நல்ல கறவை கன்று போட்டு மறுநாளாகியும் நஞ்சு விழவில்லை. போய்ப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை, உன் பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டு வண்டி ஏறிவிட்டேன். நான் தெரு திரும்புவதற்குள் அவர் வேறொரு டாக்டரைக் கூப்பிட்டு இழுத்து எடுக்க வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நூற்றி ஐந்து காய்ச்சல். மாடு பிழைத்துவிட்டது, பால்தான் பாதியாகிவிட்டது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். கம்பவுண்டர் கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, "அம்மா, அவரு வெந்நீர் வாளி, சோப்பு, துண்டு எல்லாம் எடுத்து வெச்சிருந்தாரு. நீங்க அதைத் தொடவே இல்ல. வைத்தியமே பண்ணாம போயிட்டீங்கன்னு நினைச்சிருப்பாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வாளியில் கை கழுவுவதைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் என்னை டாக்டர் என்று நம்பியிருக்கிறார்கள், அது எனக்கே தெரியாது.

அடுத்தது தன் தையல் கடைக்குப் பின்னால் நாலு மாடு வைத்திருக்கும் அம்மாவின் முறை, அங்கேயும் ஒரு மாட்டுக்கு நஞ்சு தங்கிவிட்டது. இந்தத் தடவை வாளியை விடவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன், மாட்டின் வாலையும் பின்பக்கத்தையும் வெளியே மட்டும் சுத்தம் செய்தேன், பிறகு அந்த அம்மாவையும் கை கழுவச் சொல்லித் தெர்மாமீட்டரைக் கொடுத்துப் பார்க்கப் பழக்கினேன். தினமும் காலையில் பார்த்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் கொட்டகைக் கதவில் எழுத வேண்டும், மாட்டுக்கு நூற்றி இரண்டு வரை சாதாரணம், நூற்றி மூன்றைத் தாண்டினால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, பட்டன் தைக்க வந்தேன் என்று தினமும் போய்க் கதவைப் பார்த்தேன், உன் அப்பாவின் சட்டைகளில் இப்போது எல்லாப் பட்டனும் புதுசு. நாலாம் நாள் நூற்றி இரண்டு புள்ளி எட்டு. இழுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது, பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். மறுநாள் இறங்கியது. ஏழாம் நாள் போன் வந்தது. "டாக்டரம்மா, தானா விழுந்துடுச்சு. நீங்க ஒண்ணுமே பண்ணல, நான்தான் பார்த்துக்கிட்டேன்." இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை, அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்தக் கதவைப் பார்க்க அவசரமே வந்தார். மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்துவிட்டுத் தெர்மாமீட்டர் கேட்டார். இப்போது ஏழு கொட்டகைக் கதவில் எண்கள் இருக்கின்றன, எழுதியவர்கள் யாருக்கும் உன் பெயர் தெரியாது, டாக்டரம்மாவின் பெண் சொன்னது என்று மட்டும் தெரியும். உன் கட்டுரையில் வாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதை நீதான் எழுத வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. அவசரத்தின் வேறொரு மாட்டுக்கு நஞ்சு தங்கிக் காய்ச்சலும் வந்தது, அன்றைக்கே மருந்து போட்டோம், தேறிவிட்டது. அதற்கும் அவருக்குத் திருப்தியில்லை. "காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாளே தீனியைப் பாதியில விட்டுடுச்சு, அதை வெச்சு ஒரு நாள் முன்னாடியே சொல்ல முடியுமான்னு உங்க பொண்ணைக் கேளுங்க" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் தினமும் கேட்கிறார். நீ வேலையை விட்டுவிட்டால் நான் அவருக்கு என்ன சொல்வது?

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. எட்டுத் தெர்மாமீட்டர் அனுப்பு, விழுந்தால் உடையாததாகப் பார். நோய்நொடியில்லாமல் நிறைவாக இரு, நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், அந்த ராஜினாமாவைத் தவிர.

உன் பதிலுக்கு அவசரத்தோடு சேர்ந்து காத்திருக்கும்,
அம்மா