ஒரு வாரம் கரையில்

12.8.1991, திங்கள்

என் மனைவி செல்விக்கு இருதய வால்வு சுருங்கியிருக்கிறது. இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று இன்று ராமநாதபுரத்தில் டாக்டரம்மா சொன்னார்.

"அவங்களுக்கு மயக்கம் குடுத்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்றதும் பயம்தான். நீங்க பண்ணிக்கங்க தம்பி. சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம்."

"நான் கடலுக்குப் போறவன். வலை இழுக்கணுமே" என்றேன்.

"ஒரு வாரம் கரையில இருந்தாப் போதும்."

செல்வி மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்கே பண்ணிருங்கம்மா. இவுக வீரமெல்லாம் மேடையிலதான்" என்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "யாருன்னு முடிவு பண்ணி வெள்ளிக்கிழமை வாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மீனவர் சங்கக் கூட்டங்களில் பெண்ணடிமைத்தனம் ஒழியணும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். வலை இழுப்பதெல்லாம் சாக்கு. எங்கள் விசைப்படகில் அந்தோணி அண்ணன் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர். மறு வாரமே வந்து எல்லாரோடும் சேர்ந்து வலை இழுத்தார். இருந்தும் 'காயடி அண்ணே' என்றுதான் படகில் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவரும் பழகிப்போய்த் திரும்பிப் பார்க்கிறார்.

அந்தப் பேரை வைத்தவன் நான்.