திக்குவாய்க்குச் சிரித்தோம்

12-5-1957, ஞாயிறு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மத்தியானம் விழுப்புரத்தில் அவரும் நானும் பக்கத்து வீட்டு சரோஜாவும் படம் பார்த்தோம். கதாநாயகியின் அம்மா செத்து, கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அந்த அழுகையை மாற்ற உடனே ஒரு திக்குவாய்க்காரனைக் கொண்டுவந்தார்கள். வீடு பற்றி எரிகிறது. அவன் "தீ" என்று சொல்ல முடியாமல் வாயைக் கோணுகிறான். சொல்லி முடிப்பதற்குள் கூரையே விழுந்துவிட்டது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

சிரிக்க வைக்க இவர்களுக்கு வேறு வழியே தெரியாதா? எழுதினவன் வீட்டில் ஒருவருக்காவது வாய் திக்கினால் இப்படி எழுதுவானா?

சரோஜா என் தோளை இடித்தாள். "அக்கா, உங்க ஊட்டுக்காரரு பேசற மாதிரியே இல்ல?" என்று சத்தமாகவே கேட்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"வாய மூடிக்கினு படத்தப் பாருடி" என்று சீறினேன்.

பஸ்ஸில் எப்போதும் அவர்தான் டிக்கெட் கேட்பார். எவ்வளவு நேரம் திக்கினாலும் என்னைச் சொல்ல விடமாட்டார். இன்று கண்டக்டரிடம் மூன்று விரலைக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "திண்டிவனம்" என்று நான்தான் சொன்னேன்.

சரோஜாவைத் திட்டி என்ன பயன்? அவள் இடிப்பதற்கு முன்பே நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்காமல் சற்றுமுன் சொல்லிவிட்டேன்.

"நானும் சிரிச்சிட்டேங்க."

"பா... பாத்தேன்" என்றார்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இன்னும் தூங்கவில்லை.