மாத்திரை ஏறும்வரை

என் அன்பு நைனாவுக்கு,

நம் டீக்கடையை மூடவில்லை. புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு முதல் பஸ் வருவதற்கு முன்பே பாய்லர் சூடாகிவிடுகிறது. இப்போது அம்மாதான் மாஸ்டர். உன்னைப் போலக் கையை உயரத் தூக்கி ஆற்றமாட்டாள். ஆனால் டிகாக்‌ஷன் உன்னுடையதைவிடத் திடம் என்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு முதலில் தோள்தான் இறுகியது. புத்தூர்க்காரர் வேறு எங்கே போவார்? நம்மூர் எலும்பு வைத்தியரிடம் கட்டு போடத்தான் போனாய். எலும்பில் ஒன்றுமில்லை, டாக்டரைப் பார் என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள். திருப்பதி டாக்டர் பார்க்கின்சன் என்றார். இந்தச் சின்ன வயதிலா என்று அம்மா அழுதாள். லெவோடோபா மாத்திரை நோயைத் தீர்க்காது, கையைக் கொஞ்ச நேரம் உனக்குத் திருப்பிக் கொடுக்கும் என்றார் அவர்.

கொடுக்கவில்லை. டீ கிளாஸுக்கு வெளியேதான் விழுந்தது. "இன்னா மாஸ்டர், எனக்கு ஊத்தறியா, தரைக்கு ஊத்தறியா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"தரைக்கும் தாகம் எடுக்கும் இல்ல" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம், கடையை யாருக்காவது விட்டுவிடலாமா என்று நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அடுத்த முறை போனபோது, மாத்திரையை எதோடு விழுங்குகிறாய் என்று டாக்டர் தெலுங்கில் விசாரித்தார். வேறு எதோடு? கெட்டிப்பால் டீயோடுதான். காலையில் முதல் டீயை ருசி பார்க்கும்போதே மாத்திரையும் உள்ளே போய்விடும். பாலோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது, தண்ணீரோடு போட்டு அரைமணி காத்திரு என்றார். டீ மாஸ்டருக்கு வந்த சோதனையைப் பார் என்று திரும்பும் ரயிலில் நீயே சிரித்தாய்.

அந்த அரைமணிதான் நம்முடையதானது. கடைக்குப் பின்னால் ஸ்டூலில் நீ, கவிழ்த்த பால் கேன்மேல் நான். பள்ளி நூலகத்துத் தெலுங்குக் கதைகளைப் படித்துத் தமிழில் சொல்வேன். மருந்து ஏறியதும் விரல்கள் அடங்கும். கதை எங்கே நின்றாலும் எழுந்து போய்விடுவாய்.

ஒருநாள், ராஜாவின் மகள் காட்டில் வழிதவறிய இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். உன் கை முழங்காலில் அசையாமல் கிடந்தது.

"ஏறிச்சா இல்லியா? ஜனம் நின்னுக்கினு இருக்குது" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"இன்னும் ஏறல" என்றாய். பிறகு மெதுவாக என்னிடம், "நீ படிம்மா."

நான் கவனிக்காதவள் போலப் படித்தேன். அதன் பிறகு எத்தனையோ காலைகள் அப்படிப் போயின.

சளிக்காய்ச்சலில் நீ போன பிறகும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாதா? கதை கேட்டுக்கினு இருக்கட்டும்னு நானே ஆத்திப் போட்டேன். இல்லன்னா இந்தத் தொழில எங்க கத்துக்கினேன்?"

நைனா, அவள் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாயா? இல்லை, கதைக்காகவா? கதைக்காக என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

நாம் பின்னால் இருந்தபோதெல்லாம் அம்மா முன்னால் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். இனி ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்ததும், அவளை உட்காரவைத்து ஒரு கதையாவது முழுதாகப் படித்துக் காட்டுவேன். நடுவில் யார் டீ கேட்டாலும் நானே போய் ஆற்றுவேன்.

உனக்கும் அம்மாவுக்கும் ஒரே மகளான
கோமதி