பதிமூன்று மாதம்

12-3-1959
பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஹட்டனிலிருந்து தங்கச்சி பாப்பாயி கடிதம். இலங்கைக் குடியுரிமை கேட்டு அவள் போட்ட மனு தள்ளுபடி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தவளுக்குக் கிடையாதாம். அவளுக்கு இரண்டு வயதில், என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் அவளைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைப்பிரசவத்துக்கு மட்டும் முசிறிக்கு, என்னிடம் வந்தாள். இருந்தது பதிமூன்று மாதம்.

13-3-1959
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அப்போது குழந்தை மயிலுக்கு ஆறு மாதம் ஆனதுமே கிளம்பப் பார்த்தாள். "பிள்ளை எட்டு வைக்கிற வரைக்கும் கப்பல் ஏறக்கூடாதுன்னு புத்தூர் டாக்டரம்மா சொன்னாங்கடி" என்றேன். பொய். கூடப் பிறந்தவளோடு கொஞ்ச நாள் இருக்க ஆசை. அது தப்பா?

2-6-1959
அவள் புருஷன் தங்கையன் அங்கே இருக்கும் இந்திய ஆபீசில் போய், நம் குடியுரிமையாவது கிடைக்குமா என்று கேட்டாராம். "சிலோன்தான் வேணும்னு மனுப் போட்டவங்களாச்சே" என்று அனுப்பிவிட்டார்களாம். அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. நல்லா இருக்கு நியாயம்!

14-1-1962
பொங்கல் வாழ்த்து எழுதினேன். டாக்டரம்மா விஷயத்தை மட்டும் இந்தத் தடவையும் எழுதவில்லை.

31-10-1964
தோட்டத்து ஜனங்களைப் பற்றி டில்லியில் ஒப்பந்தமாம், பேப்பரில் போட்டிருக்கிறது. ஐந்தேகால் லட்சம் பேர் நமக்கு, மூன்று லட்சம் பேர் அவர்களுக்கு, மிச்சம் பிறகு பேசிக்கொள்வார்களாம். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இத்தனை சுலபமாகப் பிரித்துக்கொள்ள மாட்டான். பாப்பாயி எந்தக் கணக்கில்? அவளை யார் கேட்டார்கள்?

9-2-1969
மூன்று பேரும் இந்திய பாஸ்போர்ட்டோடு வந்து ஒரு வாரம் ஆகிறது. தங்கையனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. மயிலு தோட்டத்துச் சிநேகிதிகளை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் என்னால்.

இன்று மொச்சை உரிக்கும்போது சொல்லிவிட்டேன்.

பாப்பாயி கையை நிறுத்தவே இல்லை.

"அது அப்பவே தெரியும்க்கா. டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன். 'தாராளமா போகலாம்'னாங்க."

"பின்ன ஏன்டி போகலை?"

"எனக்கு மட்டும் போக மனசு இருந்துச்சா? அவருக்கு எழுதறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல. நீ கொடுத்தே."

அடிப்பாவி. பத்து வருஷம்டி!

குழம்பு அவள்தான் வைத்தாள். உப்பு தூக்கல். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.