பதினாறின் மேல் முப்பத்திரண்டு

2 மார்ச் 2025, ஞாயிறு

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் விரலிடுக்கில் சிவப்பு போகவில்லை. நாற்பத்தொன்பது வயதில் ஒருவன் பூசைக்குப் போய்விட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, கம்பெனி கேட்டை உள்பக்கம் தாழ்போட்டு, காரின் நாலு சக்கரத்துக்குள்ளும் பிரஷ் விட்டு பிரேக் காலிப்பருக்குச் சிவப்பு அடிக்கிறான். அப்புறம் பாண்டிச்சேரியில் வாங்கிவந்த எழுத்துகளை ஸ்கேல் வைத்துப் பின்கதவில் ஒட்டுகிறான். பெர்ஃபார்மன்ஸ். கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

இந்த பேட்டரிக் கார் மூன்று தரத்தில் வருகிறது. ஸ்டாண்டர்டு, லாங் ரேஞ்ச், பெர்ஃபார்மன்ஸ். மேல்தகரம் மூன்றுக்கும் ஒன்றுதான். நான் வாங்கியது முதலாவது. ஒரே மோட்டார், சின்ன பேட்டரி, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒன்பது செகண்டு. மூன்றாவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார். ஐந்தே செகண்டு. வெளியே தெரிகிற வித்தியாசம் சிவப்பு காலிப்பரும் அந்த எழுத்தும்தான். விருத்தாசலம் பாலக்கரையிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போக எனக்கு ஒன்பது செகண்டே தாராளம். யோசித்து, மனதாரத்தான் வாங்கினேன்.

பிறகு ஏன்? ஜனவரியில் வண்டி வந்த அன்று கிளமெண்ட் குவைத்திலிருந்து வீடியோவில் பேசினான். ரெஜினாவின் தம்பி, என் மச்சினன். அங்கே முதலாளிக்கு அவன் ஓட்டுவது இதே காரின் மூன்றாவது தரம். "எந்த மாடலு மாமா? டாப்பா?" என்றான். கூடத்தில் நல்லூர் சித்தப்பா உட்பட ரெஜினா வீட்டு ஜனம் மொத்தமும் இருந்தது. "டாப்புதான்" என்று சொல்லிவிட்டேன். பத்தாவதில் தோற்றவன் என்று ஒரு காலத்தில் என் கம்பெனியில் மண் பிசையக்கூட அவனை நான் சேர்க்கவில்லை. அவனிடம் போய்க் கீழ் மாடல் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் இன்னும் அற்பமாக இருக்கிறது.

புதனன்று லீவில் வருகிறான்.

3 மார்ச், திங்கள்

நீலாவதி கையைப் பார்த்துவிட்டாள். "என்னா சார், வெரலெல்லாம் செவப்பா இருக்குது?" எங்கள் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறோம். சூளைக்குப் போகும் முன் ஒவ்வொரு கட்டையிலும் ஆம்பியர் எண்ணை முத்திரை குத்துகிறவள் அவள். பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துமூன்று. கறை விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சேன்" என்றேன். எங்கள் கேட் நீலம்.

5 மார்ச், திருநீற்றுப் புதன்

கிளமெண்ட் வந்துவிட்டான். நெற்றியில் சாம்பலோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சூப்பரு மாமா. நம்ம ஊர்ல இது ஒண்ணுதான் இருக்கும்." நானும் நெற்றியில் சாம்பலோடு தலையாட்டினேன்.

சாயங்காலம் ஜங்ஷன் வரை ஓட்டிப் பார்த்தான். வந்து, "என்னா மாமா, கொஞ்சம் மந்தமா இருக்குது?" என்றான்.

"சார்ஜ் மிச்சமாகட்டும்னு ஈகோ மோடுல போட்டு வெச்சிருக்கேன். ஸ்போர்ட்ல போட்டா பறக்கும்."

எவ்வளவு சரளமாக வருகிறது எனக்கு.

9 மார்ச், ஞாயிறு

விபத்து. ரெஜினாவுக்கு நெற்றியில் வீக்கம் மட்டும். கிளமெண்டுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

என்ன பண்ணிட்டேன்.

10 மார்ச், திங்கள்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

குவைத்தில் கிளமெண்டோடு தங்கியிருக்கும் ஒரு பாய் கொடுத்தனுப்பிய பார்சலை மங்கலம்பேட்டையில் அவர் வீட்டில் கொடுக்க அக்காவும் தம்பியும் போனார்கள். நான் போகவில்லை, சூளை எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது முன்னால் இரண்டு டிரெய்லர் கட்டிய கரும்பு டிராக்டர். எதிரே தூரத்தில் பஸ்.

ஆஸ்பத்திரியில் ரெஜினா சொன்னது இது: "பஸ்ஸு தூரமாத்தான் இருந்துச்சு. எதையோ அமுக்கிட்டு வெளிய எடுத்தான். பாதி டிராக்டரு தாண்டல, பஸ்ஸு வந்துடுச்சு. 'ஏறு, ஏறு'ன்னு வண்டியப் பாத்துக் கத்தறான். அப்புறம் ஒடிச்சு அந்தாண்ட பக்கம் பள்ளத்துல வுட்டுட்டான்."

அவன் அமுக்கியது ஸ்போர்ட். நான் சொல்லிக்கொடுத்தது.

சொல்லி முடித்துவிட்டு, வார்டில் நாலு பேர் பார்க்க, தம்பியைக் கன்னத்தில் அறைந்தாள். "நெனப்பு எங்கடா இருந்துச்சு உனக்கு?" அவன் கையை எடுத்துத் தடுக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் ஆர்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

14 மார்ச், வெள்ளி

ஷோரூம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். "சார், பேப்பர்ல ஸ்டாண்டர்டுன்னு இருக்கு. வண்டில பெர்ஃபார்மன்ஸ்னு எழுதியிருக்கு. இன்சூரன்ஸ் சர்வேயர் கேக்கறாரு, எதுன்னு போடறது?"

சின்ன வயசுப் பெண் குரல். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டது. "பேப்பர்ல இருக்கறதப் போடுமா" என்றேன். காது சுட்டது.

23 மார்ச், ஞாயிறு

சுற்றத்தில் எல்லோருக்கும் இப்போது ஒரே பேச்சு. கிளமெண்ட் குவைத் ரோட்டு நினைப்பில் ஓட்டிவிட்டான். திமிர். நல்லூர் சித்தப்பா ஆனந்தராஜ் போனில், "நல்ல வேள, உன் வண்டி டாப் மாடலு. தகரம் கெட்டி. இல்லன்னா என்னா ஆயிருக்கும்?" என்றார்.

ஆமாம் என்றேன். அதற்கும் ஆமாம்.

29 மார்ச், சனி

வண்டி தயார். பின்கதவையும் கழற்றி டிங்கர் பார்த்திருக்கிறார்கள். எழுத்துகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, "திருப்பி ஒட்டணுமா சார்?" என்று கேட்டாள் அதே பெண்.

ஒட்டச் சொன்னேன். கிளமெண்ட் வீட்டில் இருக்கிறானே.

இந்தமுறை நேராக ஒட்டியிருக்கிறார்கள்.

4 ஏப்ரல், வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். கோபப்பட்டேன், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, ஒருவரைப் பற்றிப் புறம் பேசினேன். எல்லாம் சொன்னேன். சாமியார் "வேற ஏதாவது?" என்றார். "இல்ல, சாமி."

என்ன மாடல் என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்ன? ஆர்.சி. புத்தகமே அவரிடம் இருக்கும்.

8 ஏப்ரல், செவ்வாய்

கிளமெண்ட் சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று காப்பி குடிக்கும்போது தானாகவே பேசினான்.

"பதினோரு வருஷம் மாமா. ஒரு கீறலு இல்ல. எவ்ளோ தூரத்துல வண்டி வருது, எவ்ளோ நேரத்துல தாண்டுவோம்னு யோசிக்கவே மாட்டேன், காலுக்கே தெரியும். அன்னிக்கும் எடம் இருக்குதுன்னுதான் தோணுச்சு. ஆனா இல்ல. அந்தக் கணக்கு எனக்குப் போயிடுச்சு மாமா. அக்காவக் கொன்னுருப்பேன்."

குவைத்தில் முதலாளியின் கம்பெனிக்கு எழுதப் போகிறானாம். இனி ஸ்டியரிங் வேண்டாம், குடோனில் போடுங்கள், இல்லையென்றால் ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று. "உங்க கம்பெனில எதாச்சும் வேல இருந்தாலும் சொல்லுங்க."

மண் பிசையச் சேர்க்காத கம்பெனி. பாவி, இப்பவாவது வாயத் திறந்தியா நீ? அவன் சக்கரை போதுமா என்று கேட்டான். போதும் என்றேன்.

11 ஏப்ரல், வெள்ளி

பொழுது போகவில்லை என்று கிளமெண்ட் கம்பெனிக்கு வந்தான். நீலாவதி பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் கட்டைகளை எண்ணி அடுக்கினான். மத்தியானம் என்னிடம் வந்தபோது, பல நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு.

"அந்தக்கா சொன்னாங்க மாமா. பதினாறு ஆம்பியர் கட்டைல முப்பத்திரண்டுன்னு குத்திக் குடுங்கன்னு ஒரு டீலரு கேட்டானாமே? பெரிய ஆர்டராமே? அடிச்சு வெரட்டிட்டீங்களாமே?"

உண்மைதான். ஏழு வருஷம் முன்பு. அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு, எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பதினாறு தாங்குகிற கட்டையில் முப்பத்திரண்டு என்று எழுதினால், அந்த எழுத்தை நம்பி ஒருவன் மோட்டாரை மாட்டுவான். எரிவது அவன் வீடு. அன்று அந்த டீலரிடம் இதைத்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"அதான் மாமா, உங்க பேச்சுன்னா ஊர்ல கண்ண மூடிட்டு நம்பறாங்க" என்றான் கிளமெண்ட்.

12 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

ரெஜினா குருத்து ஞாயிறுக்குக் கோயில் அலங்காரத்துக்குப் போயிருந்தாள். காரின் பில்லை எடுத்து அவன் முன்னால் மேசையில் வைத்தேன். படித்தான். புரியவில்லை. பிறகு ஜன்னல் வழியாக வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி பில்லைப் பார்த்தான்.

"நாந்தான் ஒட்டினேன்" என்றேன். "சும்மா, உன்கிட்ட—"

அவன் பில்லைக் கவிழ்த்து வைத்தான். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. "நூறு போக எத்தினி செகண்டு?"

"ஒம்போது."

"அங்க இருக்கறது அஞ்சு." டம்ளர் அடியில் சிந்திய காப்பியைத் தொட்டு மேசைமேல் கோடு போட்டான். டிராக்டர், டிரெய்லர், பஸ். நடுவில் ஒரு விரல் அகலம் விட்டான். "டிராக்டரு இருவதுல போச்சு. அந்த வண்டின்னா இங்க உள்ள வந்திருப்பேன். சரியா வந்திருப்பேன்." இன்னொரு முறை போட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்ப எனக்குப் போவல மாமா. கணக்கு சரிதான். என் கணக்கு சரிதான்."

என்னைத் திட்டுவான், அடிப்பான் என்று நினைத்திருந்தேன். என்னை அவன் கவனிக்கவே இல்லை. எழுந்து போகும்போதுதான் திரும்பினான். "அக்காகிட்ட சொல்லாதீங்க. உங்கள ரொம்ப ஒசத்தியா வெச்சிருக்கா. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அடித்திருக்கலாம்.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

நல்லூர் ஜனம் வந்திருந்தது. கட்டுப் பிரித்த கையால் கிளமெண்ட் தட்டை எடுக்கும்போது சித்தப்பா, "பாத்துடா, கொழம்ப ஓவர்டேக் பண்ணிடாத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினாவும்.

கிளமெண்டும் சிரித்தான். என் பக்கம் பார்க்காமல் இருந்தான், வேண்டுமென்றே.

சொல்லாதீங்க என்றது அவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலும்பை ஓரமாக ஒதுக்கி, இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். எப்படி இறங்கிற்று?

4 மே, ஞாயிறு

கிளமெண்ட் கிளம்பிவிட்டான். டிரைவராகத்தான் போகிறான். திருச்சி ஏர்போர்ட் வரை அவன் பின்சீட்டில், ரெஜினா என் பக்கத்தில். உள்ளே போகும் முன் அக்காவைக் கட்டிக்கொண்டான். என்னிடம், "போயிட்டு வரேன் மாமா" என்றான். அவ்வளவுதான்.

திரும்பும்போது பெரம்பலூர் வருவதற்குள் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. சார்ஜருக்காக ஒரு ஓட்டலில் நிறுத்தினேன். ரெஜினா இறங்கி, "பெரிய பேட்டரி, மெட்ராசுக்கே போயிட்டு வரலாம்னு சொன்னீங்களே?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

'ஏசி போட்டோம்ல' என்பது நாக்கு நுனிவரை வந்தது. இன்னொன்று. இதற்கு அடுத்து இன்னொன்று வரும். கையில் சார்ஜர் வயரோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், எழுத்து, ஈகோ, ஸ்போர்ட், பில், கிளமெண்ட் சொல்லாதே என்றது வரைக்கும்.

அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"அத்தன பேரு முன்னாடி அவன அடிச்சேன்" என்றாள். "நீங்க பாட்டில வெச்சிகிட்டு நின்னுட்டு இருந்தீங்க."

சார்ஜ் ஏறியதும் கதவைத் திறந்து பின்சீட்டில், கிளமெண்ட் உட்கார்ந்து வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். விருத்தாசலம் வரை கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

5 மே, திங்கள்

ஹேர் டிரையரால் சூடு காட்டி எழுத்துகளை எடுத்தேன். பட்டப்பகலில், கம்பெனி வாசலில் வைத்து. காலிப்பர் சிவப்பு போகமாட்டேன் என்கிறது.

நீலாவதி, "எதுக்கு சார் எடுத்துட்டீங்க?" என்றாள். "அது தப்பு நம்பரு" என்றேன். அவள் முத்திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

11 மே, ஞாயிறு

நல்லூர் போய் சித்தப்பாவிடம் சொன்னேன். தனியாகச் சொல்லக் கூடாது என்று எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீயா மாப்ள? பதினாறு முப்பத்திரண்டுன்னு ஊரெல்லாம் பேசினவனா?" சித்தி சிரிக்கவில்லை. உள்ளே எழுந்து போய்விட்டாள்.

ரெஜினா இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள். வெளியே போனால் பின்சீட்டு. பூசைக்கு வந்த ஒருவர், "என்ன பிலோமின்ராஜ், டிரைவர் வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டார்.

18 மே, ஞாயிறு

ரெஜினாவின் தோழி வீட்டு விசேஷம், கருவேப்பிலங்குறிச்சியில். திரும்பி வரும்போது முன்னால் வைக்கோல் டிராக்டர், ரோட்டையே அடைத்துக்கொண்டு. பின்னால் ஒரு கார் விடாமல் ஆரன் அடித்தது. எதிரே தூரத்தில் ஏதோ வண்டி. இடம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கால் பெடலில் தயங்கியது.

பதினாலு நாளுக்குப் பிறகு பின்சீட்டிலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

"நம்ம வண்டியால முடியாதுங்க. பின்னாலயே போங்க."

வைக்கோல் கண்ணாடிமேல் கொட்டக் கொட்ட, விருத்தாசலம் வரை டிராக்டர் பின்னாலேயே வந்தோம்.